108 வருது, நூறு நாள் வேலை போகுது... ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் கணக்கில் வராதவர்கள் யார்?

அரசுத் திட்டம் எதுவானாலும் அதற்கு ஒரு பெரிய எண் உண்டு. 'இத்தனை லட்சம் பேர் பயனடைந்தனர்', 'இத்தனை கோடி மனித வேலை நாட்கள்', 'சராசரியாக இத்தனை நிமிடத்தில் ஆம்புலன்ஸ்'. கொள்கை விளக்கக் குறிப்பில் வரும், பேட்டியில் வரும், சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் கார்டாகவும் வந்துவிடும். எண் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணுக்கு வெளியே எத்தனை பேர் நின்றார்கள் என்பதை அந்தக் கார்டு சொல்லாது.

108 ஆம்புலன்ஸும் நூறு நாள் வேலையும் வேறு வேறு துறைகள். ஒன்று உயிர், இன்னொன்று கூலி. ஆனால் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இரண்டும் 'கேட்டால் கொடுப்போம்' வகை. ஒருவர் போன் அடித்தால்தான் 108-ன் கணக்கு ஆரம்பம். ஒருவர் விண்ணப்பம் கொடுத்தால்தான் வேலைத் திட்டத்தின் கணக்கு ஆரம்பம். கேட்காதவர், கேட்கத் தெரியாதவர், கேட்டும் பதிவாகாதவர் என மூன்று பேரும் இரண்டு கணக்கிலும் இல்லை.

சென்னையின் மேற்குப் புறநகரில் இது பளிச்சென்று தெரியும். காரணம், அங்கே ஆட்களைவிட வேகமாக எல்லைகள் நகர்கின்றன.

ஒரே ரோடு, மூணு வரைபடம்

பாடியிலிருந்து சி.டி.எச். ரோட்டில் மேற்கே போனால் அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று கட்டடங்கள் விடாமல் தொடரும். எங்கே ஒரு ஊர் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பது கடை போர்டில் முகவரியைப் படித்தால்தான் தெரியும். அரசுக் காகிதத்தில் அப்படி இல்லை.

அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்று அது 7-வது மண்டலம். ஆனால் மாவட்டம்? 2018 வரை திருவள்ளூர். அந்த ஆண்டு சென்னை மாவட்டத்தின் எல்லை விரிந்தபோதுதான் அம்பத்தூர் வட்டம் சென்னைக்கு வந்தது. அதாவது ஏழு வருஷம் அம்பத்தூர்க்காரருக்கு மாநகராட்சி சென்னை, கலெக்டர் திருவள்ளூர். ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது, இன்னும் திருவள்ளூர் மாவட்டம்தான். பூந்தமல்லியும் அதே மாவட்டம், ஆனால் நகராட்சி. போலீஸுக்கு மட்டும் 2022 ஜனவரியிலிருந்து இந்த மூன்றும் ஒரே குடையின் கீழ், ஆவடி காவல் ஆணையரகம்.

இதெல்லாம் நிர்வாக விஷயம், பொதுமக்களுக்கு என்ன என்று தோன்றலாம். ஒரு சேவை எத்தனை பேரைச் சேர்ந்தது என்று அளக்க இரண்டு எண்கள் வேண்டும். மேலே, சேவை பெற்றவர்கள். கீழே, சேவை தேவைப்பட்டவர்கள். எல்லை மாறும்போதெல்லாம் கீழே இருக்கும் எண் மாறுகிறது. பழைய ஆண்டோடு புதிய ஆண்டை ஒப்பிடவே முடியாமல் போகிறது.

கீழே இருக்கும் அந்த எண்ணே பழையதும்கூட. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்பத்தூரில் சுமார் 4.66 லட்சம் பேர், ஆவடியில் சுமார் 3.46 லட்சம் பேர், பூந்தமல்லியில் சுமார் 57 ஆயிரம் பேர். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. இந்தப் பதினைந்து வருஷத்தில் வெளிவட்டச் சாலை வந்தது, அதைச் சுற்றி அபார்ட்மென்ட்கள் வந்தன, பூந்தமல்லிக்கு மெட்ரோ தூண்கள் வந்தன. வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், 2011-ன் ஆவடி எங்கே, இன்றைய ஆவடி எங்கே.

தேசிய சுகாதார இயக்கத்தின் அளவுகோல், ஒரு லட்சம் பேருக்கு ஓர் அடிப்படை உயிர்காப்பு ஆம்புலன்ஸ், ஐந்து லட்சம் பேருக்கு ஒரு மேம்பட்ட உயிர்காப்பு ஆம்புலன்ஸ் என்கிறது. 2011 எண்ணை வைத்தால் ஆவடிக்கு மூன்று அல்லது நான்கு வண்டி போதும். பூந்தமல்லிக்கு ஒன்றுகூட முழுதாகத் தேறாது. இந்தக் கணக்கில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பகலில் வந்து இரவில் திரும்புபவர்கள் வரமாட்டார்கள். ஒரே அறையில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் தூங்கும் வடமாநிலத் தொழிலாளர்களும் வரமாட்டார்கள். இயந்திரத்தில் கை மாட்டுவது என்னவோ அவர்களுக்குத்தான்.

ஊராட்சி போர்டை எடுத்தா என்ன ஆகும்?

2025-ன் தொடக்கத்தில் தமிழகம் முழுக்க உள்ளாட்சி எல்லைகளை மாற்றும் திட்டம் வெளியானது. ஆவடி மாநகராட்சியோடு பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்க்கும் யோசனை அதில் இருந்தது. உடனே பல மாவட்டங்களில் கிராம மக்கள் கலெக்டர் அலுவலகங்களுக்கு மனுவோடு போனார்கள். வீட்டு வரி ஏறும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், நூறு நாள் வேலை போய்விடும் என்பது.

பயம் நியாயமானதுதான். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-ன் பெயரிலேயே 'ஊரக' இருக்கிறது. கிராம ஊராட்சி இருக்கும் இடத்தில்தான் அந்த உரிமை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 100 நாளை 125 நாளாக்கியது. ஆனால் அதுவும் ஊரகத்துக்குத்தான். ஊராட்சி மாநகராட்சியானால் இரண்டு சட்டமும் உள்ளே வராது.

2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுசாகக் கிடைத்தால் ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 33,600 ரூபாய். ஐ.டி. கம்பெனியில் இருப்பவருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம். ஐம்பது வயதில், தொழிற்பேட்டை கேட்டில் 'வயசாயிடுச்சும்மா' என்று திருப்பி அனுப்பப்படும் ஒரு பெண்ணுக்கு, அது மருந்துச் செலவும் பேரப்பிள்ளை ஸ்கூல் செலவும். தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தின் வேலை நாட்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்களுடையது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓர் ஊராட்சி மாநகராட்சிக்குள் போகிறது. அங்கே 300 பெண்கள் வேலை இழக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசின் புள்ளிவிவரத்தில் திட்டத்தின் வீச்சு குறைந்ததாகக் காட்டுமா? காட்டாது. ஏனென்றால் அந்த 300 பேரும் மேலே இருக்கும் எண்ணிலிருந்தும் போய்விடுவார்கள், கீழே இருக்கும் எண்ணிலிருந்தும் போய்விடுவார்கள். அவர்கள் 'வேலை கிடைக்காதவர்கள்' இல்லை. இனிமேல் அவர்கள் 'திட்டத்தின் எல்லைக்குள் இல்லாதவர்கள்', அவ்வளவுதான். சதவீதம் அப்படியே நிற்கும். கூட்டத்தில் வாசிக்கும் அறிக்கையும் அப்படியே நிற்கும்.

நாடு முழுக்க 2022-23-ல் மட்டும் 5 கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்களின் பெயர்கள் இந்தத் திட்டத்தின் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. போலி அட்டை, இரட்டைப் பதிவு, ஊரைவிட்டுப் போனவர், இறந்தவர் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஊராட்சி நகரமாக மாறுவதும் வேலை அட்டையை ரத்து செய்ய ஏற்கப்பட்ட காரணம்தான். ஆள் அதே வீட்டில், அதே அடுப்பில் சமைத்துக்கொண்டு இருப்பார்.

'சரி, நகரத்துக்குத் தனித் திட்டம் இருக்கே?' என்று கேட்கலாம். இருக்கிறது. கொரோனா காலத்தில் சி.ரங்கராஜன் தலைமையிலான குழு நகரத்திலும் இப்படியொரு வேலைத் திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிறகு 100 கோடி ரூபாயில் தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சில மண்டலங்கள், சில நகராட்சிகள், சில பேரூராட்சிகள் என்று சோதனை முறையில்தான் தொடங்கியது. கேரளா 2010-லேயே அய்யன்காளி பெயரில் நகர்ப்புற வேலைத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. ராஜஸ்தான் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 100 கோடி என்பது கேட்கப் பெரிய தொகைதான். நூறு நாள் கூலியான 33,600-ஆல் வகுத்துப் பார்த்தால், பொருள் செலவு எதுவுமே இல்லை என்று வைத்தாலும் சுமார் 30 ஆயிரம் வீடுகளுக்குத்தான் வரும். மாநிலம் முழுக்க. நகரமயமாவதில் இந்தியாவின் முன்வரிசையில் நிற்கும் ஒரு மாநிலத்துக்கு இது சோதனைக்கே பத்தாது.

கேட்டதையே எழுதலைன்னா?

நூறு நாள் வேலைச் சட்டத்தில் அழகான ஒரு விதி இருந்தது. வேலை கேட்டு 15 நாளுக்குள் கொடுக்கவில்லை என்றால் வேலையில்லாப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதன் பிறகு பாதி. அந்தப் படியைக் கேட்க வேண்டுமானால், வேலை கேட்டதற்குத் தேதி போட்ட ரசீது கையில் இருக்க வேண்டும். ரசீது கொடுத்தால் பொறுப்பு வரும். அதனால் பல மாநிலங்களில் நடந்தது என்ன? வேலை இருக்கும்போதுதான் 'வேலை கேட்டார்கள்' என்று பதிவாகும். கேட்டவர்களும் பெற்றவர்களும் கிட்டத்தட்ட சமம் என்று இணையதளம் காட்டும்.

இதை வெளியே கொண்டுவந்தது வீடு வீடாகப் போன கணக்கெடுப்பு. 2009-10 தேசிய மாதிரி ஆய்வின் தரவை வைத்து, உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆபீஸ் கணக்கில் இல்லாத ஒரு கேள்வி அந்த ஆய்வில் இருந்தது: 'வேலை தேடினீர்களா, ஆனால் கிடைக்கவில்லையா?' நாடு முழுக்க வேலை வேண்டும் என்ற ஊரக வீடுகளில் சுமார் 44 சதவீதத்துக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. அரசு இணையதளம் காட்டிய படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வித்தியாசம் இவ்வளவுதான்: இணையதளம் ஆபீஸைக் கேட்டது, கணக்கெடுப்பு வீட்டைக் கேட்டது.

வேலைவாய்ப்பு அலுவலகக் கதை இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் 60 லட்சத்துக்கு மேல் என்று இந்தப் பத்தாண்டில் பலமுறை செய்தி வந்துவிட்டது. அந்த எண் வரும்போதெல்லாம் 'இத்தனை பேருக்கு வேலை இல்லை' என்று ஒரு சண்டை நடக்கும். உண்மையில் அந்தப் பட்டியலில், அம்பத்தூரில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ரெனியூவல் மட்டும் பண்ணுபவர் இருப்பார். வேலையே இல்லாமல், 'அங்க பதிஞ்சு என்ன ஆகப்போகுது' என்று பதியாமல் விட்டவர் இருக்கமாட்டார். 1959-ம் ஆண்டுச் சட்டப்படி 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் காலியிடத்தை அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொழிற்பேட்டையில் ஆள் எடுப்பது கேட்டில் தொங்கும் அட்டையும் கான்ட்ராக்டரின் போனும்தான்.

ஐந்து வருஷம் காத்திருந்தும் வேலை வராத, குடும்ப வருமானம் குறைந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. பிளஸ் டூவுக்கு 400, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300, தவறியவருக்கு 200. அதிகபட்சம் மூன்று வருஷம். இந்தத் தொகையை வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணலாம். ஆவடியில் வீடு எடுத்து கிண்டிக்கு இன்டர்வியூ போய்வர இந்தக் காசு எத்தனை நாளைக்கு வரும் என்பதையும் யாராவது எண்ணலாம்.

மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு இதைவிட ஒழுங்கானது. ஆனால் அதன் வாராந்திர அளவுகோலில், கடந்த ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் அவர் 'வேலையில் இருப்பவர்'. உலகம் முழுக்க இதே வரையறைதான், இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. ஆனால் மாநில அளவிலான எண்ணை வைத்து பட்டாபிராமில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

சராசரி என்னும் போர்வை

108 தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பர் 15. அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஹைதராபாத்தில் தொடங்கியது. அதன் முன்பு வரை அவசரத்துக்கு வண்டி என்றால் வாடகைக் கார், இல்லையென்றால் ஆட்டோ. இன்று தமிழ்நாட்டில் 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. பச்சிளங்குழந்தைகளுக்குத் தனி ஆம்புலன்ஸ், நெரிசலில் புகுந்து போக பைக் ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. பிரசவம் முடிந்த தாயை வீட்டில் விட 102. இலவசம் என்பதால் மட்டும் இதை நல்ல திட்டம் என்று சொல்லவில்லை. பைலட்டும் இ.எம்.டி.யும் 12 மணி நேர ஷிப்டில் உழைத்துக் கட்டிய பெயர் அது.

அதனால்தான் அதன் அளவீடு இன்னும் நேர்மையாக இருக்க வேண்டும்.

பத்து அழைப்பு வருகிறது. ஒன்பது பேருக்கு 8 நிமிடத்தில் வண்டி. பத்தாவது ஆள், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், மழைத் தண்ணீர் நிற்கும் தெருவில் இருக்கிறார். அவருக்கு 40 நிமிடம். சராசரி 11 நிமிடம் சொச்சம். அறிக்கையில் 11 என்றுதான் வரும். நெஞ்சுவலியோடு 40 நிமிடம் காத்திருந்தவருக்கு அந்த 11-ஐ வைத்து என்ன செய்வது?

நகரம், கிராமம் என்று பிரித்துச் சராசரி சொல்வதிலும் ஒரு கண்ணாமூச்சி இருக்கிறது. நகரத்தில் மூன்று இடங்கள்: 6, 7, 8 நிமிடம். சராசரி 7. கிராமத்தில் மூன்று இடங்கள்: 11, 15, 19 நிமிடம். சராசரி 15. இப்போது அந்த 11 நிமிட ஊரை மாநகராட்சியோடு சேர்த்துவிடுங்கள். நகரச் சராசரி 8 ஆகிறது. கிராமச் சராசரி 17 ஆகிறது. ஒரு வண்டிகூட இடம் மாறவில்லை, ஒரு நோயாளிக்குக்கூட ஒரு நிமிடம் தாமதம் கூடவில்லை, ஆனால் இரண்டு பக்கமும் சேவை மோசமானதாகக் காகிதம் சொல்லும். எல்லையை வேறு மாதிரி வரைந்தால் இரண்டும் முன்னேறியதாகவும் காட்டலாம். அமெரிக்க நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் பெயரில் புள்ளியியலில் இதற்கு ஒரு பெயரே உண்டு. ஆவடியைச் சுற்றி இனி வரும் ஆண்டுகளின் ஒப்பீடுகளைப் படிக்கும்போது இது ஞாபகம் இருப்பது நல்லது.

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பது அடுத்த சிக்கல். போன் அடித்த நொடியிலிருந்தா, எடுத்ததிலிருந்தா, வண்டிக்குத் தகவல் போனதிலிருந்தா? எப்போது நிற்கிறது? தெருமுனைக்கு வந்ததும் நிற்கிறதா, மூன்றாவது மாடியில் லிப்ட் இல்லாத வீட்டின் கதவைத் தட்டியபோதா? புறநகரில் அண்ணா நகர், காந்தி நகர், எம்.ஜி.ஆர். நகர் இல்லாத ஏரியா எது? 'எந்த அண்ணா நகர்மா?' என்று கேட்டு முடிக்கும் நேரமும் நோயாளியின் நேரம்தான்.

இங்கிலாந்தில் இது பெரிய விவகாரமே ஆனது. உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்தை 8 நிமிடத்துக்குள் அடைய வேண்டும் என்று அங்கே இலக்கு வைத்தார்கள். க்வின் பெவன், கிறிஸ்டோபர் ஹூட் என்ற ஆய்வாளர்கள் 2006-ல் எழுதிய கட்டுரையில் ஒரு வரைபடம் உண்டு. சில ஆம்புலன்ஸ் அமைப்புகளில் 8-வது நிமிடம் வரை பதிவுகள் மலை மாதிரி குவிகின்றன, அதைத் தாண்டியதும் சடாரென்று விழுகின்றன. நோய் 8 நிமிடத்தைப் பார்த்து வருவதில்லை. திருத்தியது பேனா. பிறகு கடிகாரத்தை நிறுத்துவதற்காகவே, நோயாளியை ஏற்ற முடியாத பைக்கையும் காரையும் முதலில் அனுப்பும் பழக்கமும் வளர்ந்தது. 2017-ல் முறையையே மாற்றினார்கள். இப்போது மிக அவசர வகைக்குச் சராசரி 7 நிமிடம் என்பதோடு, 10-ல் 9 பேருக்கு 15 நிமிடத்துக்குள் என்ற இரண்டாவது கணக்கும் உண்டு. இலக்கைத் தவறவிட்டால் அதுவும் மாதாமாதம் வெளியாகிறது.

போனே போடாதவங்க

இது எல்லாம் 108-க்குப் போன் போட்டவர்களின் கதை. தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷினில் விரல் போனவரை மேனேஜர் கம்பெனி வேனில் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார். போலீஸ் கேஸ் ஆகக் கூடாது என்ற கவலை அவருக்கு. ராத்திரி மூச்சுத் திணறிய அப்பாவை மகன் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போகிறார். '108 வந்தா ஜி.எச்.சுக்குத்தான் கொண்டுபோவாங்க' என்று நினைத்து, நகையை அடகு வைத்துத் தனியார் ஆம்புலன்ஸுக்குப் பணம் கட்டுபவர் இருக்கிறார். ஒடியா மட்டும் தெரிந்த தொழிலாளிக்கு 108 என்ற எண்ணே தெரியாமல் இருக்கலாம். இவர்களில் ஒருவருக்குக்கூட 108 தாமதமாக வரவில்லை. புள்ளிவிவரப்படி.

டி.தனஹாஷி என்ற ஆய்வாளர் 1978-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இதை ஒரு படிக்கட்டாக எழுதினார். வண்டி இருக்கிறதா? இருந்தாலும் எட்டும் தூரத்திலா? எட்டினாலும் மக்கள் அதை ஏற்கிறார்களா? ஏற்றாலும் உண்மையில் ஏறினார்களா? ஏறியபின் பலன் கிடைத்ததா? ஒவ்வொரு படியிலும் ஆட்கள் கழிந்துகொண்டே போவார்கள். தமிழ்நாட்டின் அறிக்கைகள் முதல் படியையும் நான்காவது படியையும் நன்றாகச் சொல்கின்றன. நடுவில் இரண்டு படி காலி.

அவசரமும் இல்லாமல், நடக்கவும் முடியாமல் இருப்பவர்களுக்கு இந்தப் படிக்கட்டே இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் போக வேண்டியவருக்கு முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சை இலவசம். ஆனால் திருநின்றவூரிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு ஆட்டோவுக்கு யார் கொடுப்பது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மருந்தும் பிசியோதெரபியும் கொண்டுவருகிறது, வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளையும் தருகிறது. அது பெரிய விஷயம். ஆஸ்பத்திரிக்கே போயாக வேண்டியவரின் பயணம் மட்டும் எந்தத் துறையின் கணக்கிலும் இல்லை. இங்கிலாந்தில் இதற்கென்றே அவசரமில்லா நோயாளிப் போக்குவரத்து தனிச் சேவையாக இருக்கிறது.

முடியாத வேலையா இது?

இல்லை. தமிழ்நாடே ஒரு விஷயத்தில் செய்து காட்டியிருக்கிறது. கர்ப்பிணி ஒருவர் பிக்மி எண் வாங்க வேண்டும், இல்லையென்றால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதில் சிக்கல். அதனால் எந்த வார்டில் எத்தனை கர்ப்பிணிகள், யாருக்கு எந்த மாதம் என்பது பிரசவத்துக்கு முன்பே தெரியும். வண்டி வந்ததா, எங்கே பிரசவம் ஆனது, யார் விட்டுப்போனார் என்று பார்க்க முடியும். தேசிய குடும்பநல ஆய்வு-5-ன்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில். கீழே இருக்கும் எண் கையில் இருந்ததால்தான் விட்டுப்போன அந்தச் சிலரைத் தேடிப்போக முடிந்தது.

மாரடைப்புக்கு முன்கூட்டியே எண் கொடுக்க முடியாதுதான். ஆனால் வேறு வழி இருக்கிறது. கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி, திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி, அயனாவரம் இ.எஸ்.ஐ. என்று மேற்குப் புறநகர் நோயாளிகள் போய்ச் சேரும் இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஏற்கெனவே தரம் பிரிக்கிறார்கள். சிவப்பில் வந்தவர்களில் எத்தனை பேர் 108-ல் வந்தார்கள், எத்தனை பேர் ஆட்டோவில் வந்தார்கள், எந்த வார்டிலிருந்து வந்தார்கள் என்பதை ஆளின் பெயர் இல்லாமல் மாதாமாதம் வெளியிட்டால் போதும். ஆட்டோவில் வந்தவர்கள் அதிகம் இருக்கும் வார்டில்தான் அடுத்த வண்டி நிற்க வேண்டும். லட்சத்துக்கு ஒன்று என்ற பழைய கணக்குக்கு அப்போது வேலையே இருக்காது.

108 அறிக்கையில் சராசரியின் பக்கத்தில் '10-ல் 9 பேருக்கு இத்தனை நிமிடம்' என்ற இன்னொரு எண். 'வண்டி காலியில்லை' என்று சொல்லப்பட்ட அழைப்புகளுக்கு ஒரு வரி. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு நோயாளியை மாற்றப் போன நேரத்தில் அந்த ஏரியாவில் வேறு வண்டி இருந்ததா என்பதற்கு ஒரு வரி. கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரும் வண்டியின் ஜி.பி.எஸ்.ஸும் பெரும்பாலும் சொல்லிவிடக்கூடிய விஷயங்கள் இவை. புதுசாகச் செலவு எதுவும் இல்லை. சங்கடம்தான் இருக்கிறது.

வேலைக்கு வந்தால், முதல் வேலை ரசீது. ஊராட்சியோ மாநகராட்சி வார்டு அலுவலகமோ, 'வேலை வேணும்' என்று ஒருவர் சொன்னால் தேதியோடு ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். கேஸ் சிலிண்டருக்கு வருகிறது, ஸ்விகிக்கு வருகிறது, இதற்கு வரக் கூடாதா? இரண்டாவது, எல்லை மாறும் இடங்களில் வேலை அட்டை வைத்திருந்தவர்களின் பட்டியலை அப்படியே நகர்ப்புறத் திட்டத்துக்கு மாற்றி, குறைந்தது மூன்று ஆண்டுக்காவது அவர்களைத் தனியாகக் கண்காணிக்க வேண்டும். இணைப்புக்கு முந்தைய ஆண்டு எத்தனை நாள் வேலை, பிந்தைய ஆண்டு எத்தனை நாள் வேலை என்ற ஒரே கேள்விக்குப் பதில் வேண்டும். இணைப்பு நல்லதா கெட்டதா என்ற சண்டையில் இரு தரப்பும் இப்போது ஊகத்தில்தான் பேசுகின்றன. சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை வரும் என்பது உண்மையாக இருக்கலாம். 336 ரூபாய் போகும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் காட்டாமல், வளர்ச்சி என்று மட்டும் சொல்வது அந்தப் பெண்களை ஏமாற்றுவது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1. அதற்காக நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31-ல் இருந்தபடி உறையவைக்கப்படும் என்று மாநிலங்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. அன்றைக்கு எந்த ஊரில் ஊராட்சி போர்டு இருந்ததோ, எந்த ஊரில் மாநகராட்சி போர்டு இருந்ததோ, அதன்படிதான் அடுத்த பத்து வருஷத்துக்கு ஆவடியைச் சுற்றி உள்ளவர்கள் எண்ணப்படப் போகிறார்கள். ஆம்புலன்ஸ் ஒதுக்கீடும் வேலைத் திட்ட நிதியும் அந்த எண்ணிலிருந்துதான் வரும்.